பத்துமலையின் 272 படிகளும் பகா எண்களும்: கூட்டியும் கழித்தும் எண் தோரணி செய்வது எப்படி?

போன ஞாயிறு காலை அண்ணன் மகளோடு பத்துமலைக்குப் போயிருந்தேன். எங்களுக்குச் செந்தூல், கொமுட்டர் ரயில் ஏறினால் கோயில் வாசலிலேயே இறங்கிவிடலாம். அவள் படிவம் ஒன்று படிக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) என்று படித்ததை இப்போது இடைநிலைப்பள்ளியில் மலாயில் ‘நொம்போர் பெர்டானா’ என்று மறுபடி படிக்கிறாள், அதனால் கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. 2018-இல் வண்ணம் பூசிய அந்தப் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினாள். மேலே போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, “அத்தை, சரியா 272. ஆனா இது பகா எண் இல்லையே” என்றாள்.

“இல்லாட்டி என்னம்மா, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பகா எண்களைக் கூட்டினா 272 வருதான்னு பார்ப்போமா?” என்றேன்.

கீழே இறங்கி ஆளுக்கு ஓர் இளநீர் வாங்கிக்கொண்டு, கட்டம் போட்ட நோட்டை விரித்து உட்கார்ந்தோம். அன்றைக்கு நாங்கள் செய்ததைத்தான் இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்த யாரும் செய்யலாம். கட்ட நோட்டு, பென்சில், அழிப்பான் போதும், கால்குலேட்டரைக் கடைசி வரை தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கையால் கூட்டும்போதுதான் எண்களின் நடை பிடிபடும்.

படி 1: பகா எண்களைச் சலித்து எடுங்கள்

1-லிருந்து 100 வரை, வரிக்குப் பத்து என்று எழுதிக்கொள்ளுங்கள். 1-ஐ அடித்துவிடுங்கள், அது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. 2-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகளை எல்லாம் அடியுங்கள். அப்புறம் 3, அப்புறம் 5, அப்புறம் 7. அவ்வளவுதான். அடுத்தது 11 தானே என்று கேட்கலாம், ஆனால் 11-இன் மடங்குகளில் இன்னும் அடிபடாமல் இருக்கக்கூடிய முதல் எண் 11 × 11 = 121, அது நம் நோட்டுக்கு வெளியே போய்விட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் சொன்ன சல்லடை இது, இன்றைக்கும் இதைவிட எளிய வழி கிடையாது.

மிச்சம் நிற்பவை:

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97

ஓர் எச்சரிக்கை. 7-க்கு வரும்போது கை அசந்துவிடும், ஏனென்றால் அதற்குள் பெரும்பாலானவை அடிபட்டிருக்கும். 7-ஆல் புதிதாக அடிபடுவது மூன்றே மூன்றுதான்: 49, 77, 91. அண்ணன் மகள் முதல் இரண்டை அடித்துவிட்டு 91-ஐ விட்டுவிட்டாள். பார்த்தால் பகா எண் மாதிரியேதான் இருக்கிறது, 7 × 13 என்று சட்டென்று தோன்றாது. 51, 57, 87 மூன்றும் இதே போல ஏமாற்றும், ஆனால் அவை 3-இன் மடங்குகள் என்பதால் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

அதனால் அடுத்த படிக்குப் போவதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். வட்டமிட்டவை மொத்தம் 25 இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 1060 வர வேண்டும். அவளுக்கு 26-உம் 1151-உம் வந்தன. 1151-இலிருந்து 1060-ஐக் கழித்தால் 91, தப்பிப் போனது எது என்று அந்த வித்தியாசமே சொல்லிவிட்டது.

படி 2: கழியுங்கள்

ஒவ்வொரு பகா எண்ணையும் அதற்கு அடுத்ததிலிருந்து கழித்து, இரண்டுக்கும் நடுவில் கீழே எழுதுங்கள். 3 − 2 = 1, 5 − 3 = 2, 7 − 5 = 2, 11 − 7 = 4. இப்படியே போனால்:

1, 2, 2, 4, 2, 4, 2, 4, 6, 2, 6, 4, 2, 4, 6, 6, 2, 6, 4, 2, 6, 4, 6, 8

உங்கள் முதல் எண் தோரணி தயார். இதை இடைவெளித் தொடர் என்று சொல்லலாம். தொடக்கத்தில் ஒரே ஒரு 1, அதன் பிறகு எல்லாமே இரட்டைப்படை. காரணம் சுலபம்: 2-ஐத் தவிர மற்ற பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை, ஒற்றையிலிருந்து ஒற்றையைக் கழித்தால் இரட்டை.

எல்லா இடைவெளிகளையும் கூட்டிப் பாருங்கள், 95 வரும். 97 − 2 = 95. இது எப்போதும் இப்படித்தான் வரும், இடைவெளிகளின் மொத்தம் என்பது கடைசி எண்ணுக்கும் முதல் எண்ணுக்கும் உள்ள தூரம்தானே. இதைப் பார்த்ததும் அவள், “அப்படின்னா 91 தப்பை இதை வச்சே கண்டுபிடிச்சிருக்கலாமே” என்றாள். செய்து பார்க்கச் சொன்னேன். 89-க்கும் 97-க்கும் நடுவே 91-ஐ வைத்தால் 8 என்ற இடைவெளி 2 ஆகவும் 6 ஆகவும் உடைகிறது, மொத்தம் மாறவில்லை. படிகளைக் காட்டித்தான் புரியவைத்தேன்: ஒவ்வொரு படியிலும் கால் வைத்து ஏறுகிறவரும், நடுவில் ஒன்றைத் தாண்டி ஏறுகிறவரும் ஏறிய உயரம் ஒன்றுதான், அதனால் உயரத்தை மட்டும் அளந்து யார் எந்தப் படியை மிதித்தார்கள் என்று சொல்ல முடியாது. கழித்ததில் பிழை இருந்தால் இந்த மொத்தம் காட்டிக்கொடுக்கும், பட்டியலிலேயே பிழை இருந்தால் காட்டாது. எந்தச் சோதனை எந்தப் பிழையைப் பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது சோதனை செய்வதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

100-ஐத் தாண்டி இன்னும் கொஞ்சம் போக நேரம் இருந்தால் போங்கள். 101, 103, 107, 109, 113 என்று நெருக்கமாக வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று அடுத்த பகா எண் 127. இடைவெளி 14! அதுவரை நாம் பார்த்த பெரிய இடைவெளி 8 தான். 10-உம் 12-உம் இன்னும் வரவே இல்லை, அதற்குள் 14 முந்திக்கொண்டது. 10 முதன்முதலில் வருவது 139-க்கும் 149-க்கும் நடுவில், 12 வருவது 199-க்கும் 211-க்கும் நடுவில்.

இடைவெளி எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகும் என்பதையும் கையாலேயே காட்டலாம். 1 × 2 × 3 × 4 × 5 = 120. அதோடு 2-ஐக் கூட்டினால் 2-ஆல் வகுபடும், 3-ஐக் கூட்டினால் 3-ஆல், இப்படியே 5 வரை. ஆக 122, 123, 124, 125 நான்கும் பகு எண்கள் என்று பார்க்காமலே சொல்லலாம், அவை மேலே சொன்ன 113–127 இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. 5-க்குப் பதில் 1000 வரை பெருக்கினால், வரிசையாக 999 பகு எண்கள் கிடைத்துவிடும். இன்னொரு பக்கம், இடைவெளி 2 முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? யாருக்கும் இன்னும் தெரியாது. 2013-இல் யீதாங் சாங் என்ற கணித ஆசிரியர், 70 மில்லியனுக்குக் குறைவான ஏதோ ஓர் இடைவெளி முடிவில்லாமல் வரும் என்று நிரூபித்தார். 70 மில்லியன் என்பது 2-லிருந்து எவ்வளவோ தூரம், ஆனாலும் அதற்கு முன்னால் அப்படி ஓர் எல்லையே யாரிடமும் இல்லை. அடுத்த வருஷமே பலர் சேர்ந்து அதை 246-க்கு இறக்கிவிட்டார்கள்.

கொஞ்சம் விலகி: கழித்ததையே மறுபடி கழித்தால்?

இது கட்டாயம் இல்லை, ஆனால் செய்து பார்க்காமல் விடாதீர்கள். இடைவெளித் தொடரையே எடுத்து, பக்கத்துப் பக்கத்து எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்ததை மறுபடி கழியுங்கள்.

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29
1, 2, 2, 4, 2, 4, 2, 4, 6
1, 0, 2, 2, 2, 2, 2, 2
1, 2, 0, 0, 0, 0, 0
1, 2, 0, 0, 0, 0
1, 2, 0, 0, 0

பகா எண்கள் நின்ற முதல் வரிக்குக் கீழே எல்லா வரியும் 1-இல் தொடங்குகிறது. எவ்வளவு தூரம் போனாலும் இப்படித்தான் இருக்கும் என்று 1958-இல் நார்மன் கில்பிரெத் ஊகித்தார். அவர் கணிதம் மட்டுமல்ல, சீட்டுக்கட்டு வித்தையிலும் பேர் பெற்றவர். அவருக்கு எண்பது வருஷம் முன்னாலேயே, 1878-இல், பிரெஞ்சுக்காரர் ப்ரோத் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கணினி வைத்துப் பிரம்மாண்டமான அளவுக்குச் சோதித்துவிட்டார்கள், எங்கும் உடையவில்லை, நிரூபணமும் இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் எழுதிவிடக்கூடிய கேள்விக்கு இன்னும் விடை இல்லை என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

படி 3: கூட்டுங்கள்

இப்போது கழித்தலுக்குப் பதில் கூட்டல். 2 + 3 = 5, 3 + 5 = 8, 5 + 7 = 12, இப்படியே:

5, 8, 12, 18, 24, 30, 36, 42, 52, 60, 68, 78, 84, 90, 100, 112, 120, 128, 138, 144, 152, 162, 172, 186

முதல் 5-ஐ விட்டுவிட்டால் எல்லாம் இரட்டைப்படை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். 34 இல்லை, 38 இல்லை, 46 இல்லை, 58 இல்லை, 62 இல்லை. இவை எல்லாம் ஏதாவது ஒரு பகா எண்ணின் இருமடங்கு: 2 × 17, 2 × 19, 2 × 23, 2 × 29, 2 × 31. நாம் இன்னும் ஆயிரம் எண்கள் எழுதினாலும் பகா எண்ணின் இருமடங்கு ஒன்றுகூட இந்தத் தொடரில் வராது, அதை அடித்துச் சொல்லலாம்.

ஏன்? இரண்டு எண்களின் கூட்டுத்தொகையைப் பாதியாக்கினால் வருவது அவற்றின் நட்டநடு எண். 23-உம் 29-உம் கூட்டினால் 52, பாதி 26, அது 23-க்கும் 29-க்கும் சரியாக நடுவில் நிற்கிறது. அந்த நடு எண் பகா எண்ணாக இருக்க முடியுமா? முடியவே முடியாது, இருந்திருந்தால் 23-க்கு அடுத்த பகா எண் 29 என்று நாம் எழுதியிருக்கவே மாட்டோம். எனவே பாதி எப்போதும் பகு எண். பகு எண் என்றால் அதற்குள் குறைந்தது இரண்டு பகாக் காரணிகள், வெளியே ஒரு 2, ஆக 8-லிருந்து தொடங்கி இந்தத் தொடரின் ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் குறைந்தது மூன்று பகாக் காரணிகள் இருக்கும். 8 = 2 × 2 × 2. 12 = 2 × 2 × 3. 52 = 2 × 2 × 13. ஒரு வரிக் காரணம், தொடர் முழுவதையும் கட்டிப் போடுகிறது.

படி 4: இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முதலில் கூட்டுத்தொகை, அடுத்து வித்தியாசம், மூன்றாவதில் முன்னதைப் பின்னதால் வகுத்தால் மீதி. ஒவ்வொரு ஜோடிக்கும் செய்யுங்கள்.

2, 3: 5 ÷ 1, மீதி 0
3, 5: 8 ÷ 2, மீதி 0
5, 7: 12 ÷ 2, மீதி 0
7, 11: 18 ÷ 4, மீதி 2
11, 13: 24 ÷ 2, மீதி 0
13, 17: 30 ÷ 4, மீதி 2
17, 19: 36 ÷ 2, மீதி 0
19, 23: 42 ÷ 4, மீதி 2
23, 29: 52 ÷ 6, மீதி 4
29, 31: 60 ÷ 2, மீதி 0

இங்கே வரும்போது அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “அத்தை, இடைவெளி 2 வந்தா மட்டும்தான் மீதி இல்லாம போகுது. முதல் ஜோடிய விட்டுட்டா.” மிச்சத்தையும் செய்து பார்த்தோம். 83 + 89 = 172, 6-ஆல் வகுத்தால் மீதி 4. 89 + 97 = 186, 8-ஆல் வகுத்தால் மீதி 2. விதி உடையவே இல்லை. 2 வித்தியாசத்தில் நிற்கும் ஜோடிகளை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். கூட்டுத்தொகையை வித்தியாசம் மீதியின்றி வகுத்தால், 2, 3 ஜோடியைத் தவிர, அது இரட்டைப் பகா எண்தான்.

எண்ணிப் பார்த்தது மட்டும் போதாது, காரணம் வேண்டும். சின்னப் பகா எண்ணை ‘ப’ என்று வையுங்கள், இடைவெளி ‘இ’. பெரியது ப + இ. இரண்டையும் கூட்டினால் ப + ப + இ, அதாவது 2ப + இ. இதை ‘இ’ மீதியின்றி வகுக்க வேண்டும் என்றால், பின்னால் நிற்கும் ‘இ’ தன்னைத் தானே வகுத்துவிடும், அதனால் 2ப-வையும் ‘இ’ வகுத்தாக வேண்டும். இடைவெளி இரட்டைப்படை, எனவே அதில் ஒரு 2-ஐ எடுத்துவிட்டுப் பாதியைப் பார்த்தால், இடைவெளியின் பாதி ‘ப’-வை வகுக்க வேண்டும். ‘ப’ பகா எண் ஆயிற்றே! அதை வகுக்கக்கூடியவை 1-உம் ‘ப’-வும்தான். பாதி 1 என்றால் இடைவெளி 2, நாம் தேடியது. பாதி ‘ப’ என்றால் இடைவெளி 2ப, அதாவது அடுத்த பகா எண்ணுக்கு மூன்று மடங்கு தூரம் போக வேண்டும். அது நடக்காது, 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவில் குறைந்தது ஒரு பகா எண் இருக்கும் என்று 1852-இல் ரஷ்யக் கணிதர் செபிஷேவ் நிரூபித்திருக்கிறார். முடிந்தது.

மெதுவாக இரண்டு தடவை படியுங்கள், பென்சிலால் 7-உம் 11-உம் போட்டுப் பாருங்கள், கண்டிப்பாகப் பிடிபடும்.

வகுத்து வந்த ஈவுகளும் ஒரு தொடர்தான்: 4, 6, 12, 18, 30, 42, 60, 72. இரட்டைகளின் நடுவே நிற்கும் எண்கள் இவை. 4-ஐத் தவிர எல்லாம் 6-இன் மடங்கு. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-ஆல் வகுபட்டே தீர வேண்டும், இரண்டு ஓரங்களும் பகா எண் என்பதால் அவை தப்பித்துவிடும், நடு எண்தான் மாட்டும். அது இரட்டைப்படையும்கூட. ஆக 6. எனவே 5, 7-லிருந்து தொடங்கி இரட்டைகளின் கூட்டுத்தொகை எல்லாம் 12-இன் மடங்கு.

இங்கேயும் 91 நினைவிருக்கட்டும். 89 + 91 = 180, அது 12-இன் மடங்கு, வித்தியாசம் 2 என்பதால் மீதியும் வராது. நடுவில் நிற்கும் 90 கூட 6-இன் மடங்குதான். பொய் ஜோடி எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். விதி சொல்வது “இரட்டைப் பகா எண் என்றால் 12-இன் மடங்கு” என்று மட்டும்தான், 12-இன் மடங்கு என்றால் இரட்டைப் பகா எண் என்று சொல்லவில்லை.

படி 5: மூன்று மூன்றாக

மூன்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் ஒற்றைப்படை, அதனால் விடையே பகா எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. 5 + 7 + 11 = 23, பகா எண். 7 + 11 + 13 = 31, பகா எண். 11 + 13 + 17 = 41, அதுவும் பகா எண். அவள் முகத்தில் வெளிச்சம். 13 + 17 + 19 = 49.

உடைந்தது. 7 × 7. அப்புறம் 59, 71, 83, 97, 109 என்று ஐந்து பகா எண்கள் தொடர்ந்து வந்தன, பிறகு 37 + 41 + 43 = 121, 11 × 11, மறுபடி உடைந்தது. இங்கே முந்தின படி மாதிரிக் காரணம் எதுவும் நிற்கவில்லை, ஒற்றைப்படை என்ற ஒரு வசதிதான் இருந்தது, அதனால் சில நேரம் வரும், சில நேரம் வராது. உடைகிற இடங்களை அழித்துவிடாமல் பக்கத்தில் காரணிகளோடு குறித்து வையுங்கள். உடையாத எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அதுவும் ஒரு புதுத் தொடர்: 23, 31, 41, 59, 71, 83, 97, 109.

ஷீட்ஸில் போட வேண்டுமென்றால்

கையால் ஒரு பக்கம் எழுதிய பிறகு கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் திறக்கலாம். முதல் பத்தியில் பகா எண்களை மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். முதல் எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் சமன் குறி போட்டு, 3 இருக்கும் கட்டத்தைச் சொடுக்கி, கழித்தல் குறி போட்டு, 2 இருக்கும் கட்டத்தைச் சொடுக்கி என்டர் தட்டுங்கள். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் இடைவெளித் தொடர் முழுதும் வந்துவிடும். கூட்டலுக்கும் இதே வேலைதான். கடைசி வரியில் மட்டும் −97 என்று ஏதோ வரும், கீழே எண் இல்லாததால் வெற்றுக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொள்கிறது, அதை அழித்துவிடுங்கள்.

உங்களுக்குக் கிடைத்த தொடர் ஏற்கெனவே யாராவது எழுதியதா என்று பார்க்க ஓர் இடம் உண்டு. நீல் ஸ்லோன் என்பவர் மாணவராக இருந்தபோது 1964-இல் இப்படிப்பட்ட தொடர்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். 1973-இல் 2372 தொடர்களோடு புத்தகமாக வந்தது, 1996-இல் இணையத்துக்கு வந்தது, இப்போது மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. ஓ.இ.ஐ.எஸ். (OEIS) என்று தேடினால் கிடைக்கும். எட்டு, பத்து எண்களைக் காற்புள்ளி போட்டுத் தட்டுங்கள். நம் இடைவெளித் தொடருக்கு அங்கே எண் ஏ001223, ஜோடிக் கூட்டலுக்கு ஏ001043. ஆனால் முதலில் நோட்டு, பிறகுதான் அந்தப் பக்கம். விடையை முன்னாலேயே பார்த்துவிட்டால் 49 வந்து உடைகிற அந்த நிமிஷம் உங்களுக்குக் கிடைக்காது.

படி 6: 272-ஐப் பிடிப்பது

சரி, கேள்விக்கு வருவோம். அடுத்தடுத்த பகா எண்களின் கூட்டுத்தொகையாக 272 வருமா? எத்தனை எண் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் நடுவில் ஒன்றையும் தாண்டக் கூடாது.

கண்மூடித்தனமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். 272 இரட்டைப்படை. 2-ஐத் தொடாமல் ஒற்றைப்படைப் பகா எண்களை மட்டும் கூட்டி இரட்டைப்படை வர வேண்டும் என்றால், இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டை எண்ணிக்கையில்தான் எடுக்க வேண்டும். பாதி வேலை குறைந்தது. 2-ஐயும் சேர்ப்பதென்றால் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் மொத்தங்களைப் பார்த்தால் போதும்: 2, 5, 10, 17, 28, 41 என்று ஏறி 197, 238, 281. நடுவில் 272 இல்லை, அந்தக் கதவை மூடிவிடலாம்.

இனி சராசரி. இரண்டு எண்கள் என்றால் 272-இன் பாதி 136-ஐச் சுற்றித் தேட வேண்டும். 131 + 137 = 268, போதவில்லை. 137 + 139 = 276, தாண்டிவிட்டது. நான்கு எண்கள் என்றால் 272-ஐ நான்கால் வகுத்து 68. 68-க்குக் கீழே பக்கத்தில் 67, 61. மேலே 71, 73. கூட்டுங்கள்: 61 + 67 = 128, 71 + 73 = 144, 128 + 144 = 272.

அவள் ஒரு கத்து கத்தினாள், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் இளநீர் இல்லை, இருந்திருந்தால் நோட்டு நனைந்திருக்கும். 61, 67, 71, 73: முதல் 61 படிகள், பிறகு 67, பிறகு 71, பிறகு 73 என்று நான்கு கட்டமாகப் பிரித்தால் குகை வாசல்.

வேறு வழியும் உண்டா என்று தேடினோம். ஆறு எண்களில் 252, 280 என்று தாண்டிப் போகிறது. எட்டு எண்களில் 19-லிருந்து 47 வரை கூட்டினால் 270, இரண்டு குறைவு, அவ்வளவு பக்கத்தில் வந்தது. பத்தில் 264, 300. பன்னிரண்டில் 236, 276. பதினான்கு ஒற்றைப்படைப் பகா எண்களை 3-லிருந்தே கூட்டினாலும் 326 வந்துவிடும், அதற்கு மேல் தேட ஒன்றும் இல்லை. ஆக 272-க்கு ஒரே ஒரு வழி.

எதிரே முருகன் சிலை. 2006-இல் திறந்தது, உயரம் 140 அடி. “140-க்கும் பார்ப்போம் அத்தை” என்றாள். நீங்களே செய்யுங்கள், பிறகு கீழே பாருங்கள்.

இரண்டு எண்கள்: 67 + 71 = 138, 71 + 73 = 144. நான்கு: 29-லிருந்து 138, 31-லிருந்து 152. ஆறு: 13-லிருந்து 132, 17-லிருந்து 156. எட்டு: 5-லிருந்து 124, 7-லிருந்து 150. பத்து: 3-லிருந்து ஆரம்பித்தாலே 158. 2-லிருந்து வரும் மொத்தங்களில் 129-க்கு அடுத்தது 160. எங்கும் 140 இல்லை. இல்லை என்று சொல்வதற்கு இவ்வளவும் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆனால் பார்த்து முடித்த பிறகு அது சந்தேகத்துக்கு இடமில்லாத ‘இல்லை’.

திரும்பும்போது கொமுட்டரில் அவளுக்கு 311 கொடுத்தேன். அதுவே ஒரு பகா எண். அதை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அடுத்தடுத்த பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத நான்கு வழிகள் இருக்கின்றன. ஒற்றைப்படை என்பதால், 2-ஐத் தொடாதவரை எண்ணிக்கையும் ஒற்றைப்படையில் வர வேண்டும். மூன்று எண்களில் 101 + 103 + 107 என்று ரயில் கிளம்புவதற்குள் சொல்லிவிட்டாள். 31-இல் தொடங்கி 59 வரை ஏழு எண்களைச் செந்தூல் வருவதற்குள் பிடித்தாள். 11-இல் தொடங்கி 47 வரை பதினோரு எண்கள் வருவதை ராத்திரி சாப்பிட்ட பிறகு ஃபோன் செய்து சொன்னாள். ஐந்து எண்களில் வரும் வழியை உங்களுக்கு விட்டுவைக்கிறேன், 311-ஐ ஐந்தால் வகுத்துப் பார்த்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் தேடுங்கள்.